கமிட்டியாரின் மீசையில் மண்

ஒரு கோப்பையும் வாங்காமல், ஒரு சொட்டு வியர்வையும் சிந்தாமல், சுமார் 2,500 வருஷமாக விளையாட்டு உலகில் தாக்குப்பிடித்து நிற்கும் அணி ஒன்று உண்டு. அதன் பெயர் கமிட்டி. சீருடை: கோட்டு, மீசை, கக்கத்தில் ஒரு ஃபைல். உத்தியும் ஒன்றே ஒன்றுதான். பெண் ஒருத்தி களத்துக்கு வந்தால் ‘உன்னால் முடியாது’ என்பார்கள். அவள் செய்து காட்டிவிட்டால் ‘இனிமேல் செய்யக் கூடாது’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவே அவள் ஜெயித்த சமாச்சாரம் மட்டும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறாது.

பழைய ஒலிம்பியாவில் கமிட்டி ரொம்பவே கறார். போட்டி நாட்களில் கல்யாணமான பெண் யாராவது எல்லைக்குள் கால் வைத்தால், பக்கத்திலிருக்கும் டைபயான் மலையிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்று சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அபராதம் என்ற பேச்செல்லாம் கிடையாது, நேராக மலைதான். ரோட்ஸ் தீவுக்காரி கல்லிபடைரா கணவனை இழந்தவள். மகனைத் தானே தயார்செய்து, பயிற்சியாளர்போல ஆண் வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மகன் ஜெயித்தான். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினாள். குதித்ததில் உடை விலகி, குட்டு வெளிப்பட்டது.

நடுவர்கள் மலையைப் பார்த்தார்கள். பிறகு அவள் குடும்பத்தைப் பார்த்தார்கள். அப்பா டயகோரஸ், குத்துச்சண்டைச் சாம்பியன். உடன்பிறந்த ஆண்கள் எல்லாரும் ஒலிம்பிக் சாம்பியன்கள். இப்போது மகனும். இவளை உருட்டிவிட்டால் நியாயம் கேட்க வருகிறவர்கள் சும்மா வாயால் கேட்கிற ஜாதி இல்லை என்று புரிந்தது. மன்னித்துவிட்டார்கள். ஆனால் கமிட்டி என்றால் கடைசியில் ஒரு தீர்மானம் போட்டாக வேண்டுமே! இனிமேல் வீரர்களைப் போலப் பயிற்சியாளர்களும் பிறந்தமேனியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று போட்டார்கள். தப்பு செய்தது ஒரு தாய். வேட்டியை இழந்தது கிரேக்கத்துப் பயிற்சியாளர் வர்க்கம் முழுவதும்.

ஸ்பார்ட்டாவின் ராஜா வீட்டுப் பெண் கினிஸ்கா இன்னும் கெட்டிக்காரி. ரதப் போட்டியில் பரிசு ஓட்டுகிறவனுக்கு இல்லை, குதிரையின் சொந்தக்காரருக்குத்தான். சொந்தக்காரர் மைதானத்துக்கு வரவேண்டும் என்றும் சட்டமில்லை. கி.மு. 396-இல் அவள் குதிரைகள் ஜெயித்தன. 392-இல் மறுபடியும் ஜெயித்தன. ரதப் போட்டியில் வெல்வதற்கு வீரம் வேண்டாம், பணம் போதும் என்று ஊருக்குக் காட்டத்தான் அண்ணன் அகெசிலாஸ் அவளைத் தூண்டிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அண்ணனுடைய தத்துவத்தைக் காதில் போட்டுக்கொண்டவளாகத் தெரியவில்லை. ஒலிம்பியாவிலேயே தனக்குச் சிலை எழுப்பி, இந்த மகுடத்தை வென்ற பெண் கிரேக்கத்தில் தான் ஒருத்திதான் என்று கல்லில் பொறித்து வைத்தாள்.

அங்கிருந்து 1900-ஆம் வருஷத்துப் பாரிஸுக்கு வந்துவிடலாம். நடுவிலே கமிட்டியின் கொள்கையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பிரபு பியர் தெ கூபர்த்தேன், பெண்கள் ஒலிம்பிக் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சுவாரஸ்யமில்லை, அழகுமில்லை, முறையுமில்லை என்று 1912-இல் எழுதினார். அந்த வாக்கியத்தை அவர் எழுதுவதற்கு 12 வருஷம் முன்னாலேயே பெண்கள் ஒலிம்பிக்கில் ஆடி, ஜெயித்து, வீட்டுக்குப் போயாகிவிட்டது. அதில் ஒருவர் மார்கரெட் அபட். கல்கத்தாவில் பிறந்த அமெரிக்கப் பெண். பாரிஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏதோ கோல்ஃப் போட்டி என்று கேள்விப்பட்டுப் போனார், கூடவே அம்மாவும் ஆடினார். ஒன்பது குழிகளை 47 அடியில் முடித்து மார்கரெட் முதலிடம். பிரெஞ்சுக்காரிகளில் சிலர் போட்டியின் தன்மை புரியாமல் குதிகால் செருப்பும் இறுக்கமான பாவாடையுமாக வந்ததால் வேலை சுலபமாயிற்று என்று பிறகு அவரே சொன்னார். பரிசாக ஒரு பீங்கான் கிண்ணம் கிடைத்தது. அந்தப் போட்டி ஒலிம்பிக்கைச் சேர்ந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. 1955-இல் கண்மூடும்வரை, தான் ஒலிம்பிக் சாம்பியன் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. மறுப்பது, தடுப்பது எல்லாம் போதாதென்று ஜெயித்தவரிடமே மறைத்தது, கமிட்டியின் சாதனைகளில் உச்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

1902-இல் லண்டனில் உலக ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி. மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் பெயர் கொடுத்தார். கமிட்டி விதிப் புத்தகத்தைப் புரட்டியது. பெண்கள் ஆடக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு பெண் வந்து பெயர் கொடுப்பாள் என்று யாருக்குமே தோன்றாததால் எழுதாமல் விட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அனுமதித்தார்கள். மேட்ஜ் இரண்டாவது இடம். முதலிடம் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோ. தன் தங்கப் பதக்கம் இந்த அம்மாளுக்குத்தான் சேர வேண்டும் என்று சால்கோவே அதை அவரிடம் நீட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு.

அடுத்த வருஷமே தடை வந்தது. காரணங்களை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று, நீண்ட பாவாடை பாதத்தை மறைப்பதால் நடுவர்களுக்குக் கால் அசைவு தெரிவதில்லை. இரண்டு, ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது சிரமம். மூன்றாவதுதான் முத்து: ஆடும் பெண்மீது நடுவருக்குக் காதல் இருந்துவிட்டால் தீர்ப்பு கோணிவிடும். ஆக, நடுவரின் மனசு ஐஸில் வழுக்கும் என்பதற்காக ஆட்டக்காரிக்குத் தடை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவளைப் பார்த்துக் கூடத்துக்காரர்கள் பாவாடை நீளம் என்றார்கள். மேட்ஜ் பாவாடையைக் கெண்டைக்காலுக்கு உயர்த்தி முதல் காரணத்தைக் கத்தரித்துவிட்டார். 1906-இல் பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவரே ஜெயித்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். கணவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய போட்டியில் வெண்கலம். மூன்றாவது காரணத்துக்கு மட்டும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கால்பந்து விஷயம் இதைவிடக் கொழுத்தது. முதல் உலகப் போர். ஆண்கள் போர்முனையில். இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் ஊரில் டிக், கெர் என்ற தொழிற்சாலையில் பெண்கள் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தார்கள். ஓய்வு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைத்துப் பழகியவர்கள் 1917-இல் அணியாகவே கிளம்பிவிட்டார்கள். வசூல் எல்லாம் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் என்பதால் கமிட்டியும் ஆசீர்வாதம் செய்தது. தர்மத்துக்கு என்றால் பெண் எதை வேண்டுமானாலும் உதைக்கலாம்.

அந்த அணிக்கு 14 வயதில் வந்து சேர்ந்தாள் லில்லி பார். கிட்டத்தட்ட ஆறடி உயரம், இடது காலில் இடி, வாயில் வுட்பைன் சிகரெட். அவளுக்குக் கொடுத்த படியில் ஒரு பகுதியை வுட்பைன் பாக்கெட்டாகவே கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. கோல்கீப்பராக நின்ற ஆண் ஒருவர் ‘பெண்பிள்ளை உதைத்து என்ன ஆகிவிடும்’ என்று சவால் விட்டு, பந்தைப் பிடித்து, கையை முறித்துக்கொண்டார் என்றும் ஒரு கதை. வாழ்நாள் முழுவதும் அவள் போட்ட கோல்கள் ஆயிரத்தை நெருங்கும் என்கிறார்கள்.

1920 டிசம்பர் 26. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். டிக், கெர் பெண்களுக்கும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுக்கும் ஆட்டம். உள்ளே 53,000 பேர். கதவைச் சாத்திய பிறகு வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். ஒரே நாளில் 3,000 பவுண்டுக்கு மேல் வசூல். இந்தத் தலைகளை எண்ணியபோதுதான் கால்பந்துக் கமிட்டிக்குப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றித் திடீர்க் கவலை வந்திருக்க வேண்டும்.

ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆட்டம், எனவே சங்கத்தைச் சேர்ந்த எந்த கிளப்பும் தன் மைதானத்தை அவர்களுக்குத் தரக் கூடாது. பெண்ணின் உடம்பு இந்த ஆட்டத்தைத் தாங்காது என்று டாக்டர்களும் கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னார்கள். நாலு வருஷம் பீரங்கிக் குண்டு செய்யத் தாங்கிய உடம்பு, தோல் பந்தை உதைத்தால் பொசுக்கென்று போய்விடுமாம். அந்தத் தடை எப்போது விலகியது தெரியுமா? 1971-இல். அரை நூற்றாண்டு! இடையில் அந்தப் பெண்கள் ரக்பி மைதானத்திலும் பூங்காவிலும் ஆடினார்கள். 1922-இல் அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். லில்லி மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1950 வாக்கில்தான் பூட்ஸைக் கழற்றினாள்.

அடுத்து தண்ணீர். 1926 வரை ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர்கள் ஐந்தே பேர், ஐவரும் ஆண்கள். நியூயார்க் கசாப்புக்கடைக்காரர் மகள் கெர்ட்ரூட் எடர்லே முதல் முயற்சியை 1925-இல் செய்தாள். அதற்கு அமர்த்திய பயிற்சியாளர் ஜேபெஸ் வுல்ஃப். ஆசாமியின் தகுதி என்னவென்றால், அதே கால்வாயைக் கடக்க 22 தடவை இறங்கி 22 தடவையும் கோட்டை விட்டவர். தோற்பதில் இவ்வளவு அனுபவமுள்ளவரை வேறு எங்கே தேடுவது? எடர்லே பாதி தூரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, மூழ்குகிறாள், பிடித்து இழு என்று பக்கத்தில் நீந்திய ஆளுக்கு வுல்ஃப் உத்தரவு போட்டார். சும்மா முகத்தைத் தண்ணீரில் வைத்து ஓய்வெடுத்தேன் என்று அவள் கத்தியது எடுபடவில்லை. போட்டி விதிப்படி யாராவது கைவைத்தால் ஆட்டம் முடிந்தது.

மறு வருஷம் ஆளை மாற்றினாள். புதியவர் பில் பர்ஜஸ். இவர் பல தடவை தோற்று ஒரு தடவை ஜெயித்தவர். 1926 ஆகஸ்ட் 6 காலை, பிரான்ஸ் கரையில் உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினாள். அன்றைக்குப் பார்த்து லண்டன் பத்திரிகை ஒன்று, உடல் வலிமைப் போட்டிகளில் பெண்கள் என்றைக்கும் பின்தங்கியவர்களே என்பதைப் பெண்ணுரிமைக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தது. அச்சு மை காய்வதற்குள் அவள் பாதிக் கால்வாயில் இருந்தாள். கூட வந்த படகில் அப்பாவும் அக்காவும். ஜெயித்தால் சிவப்புக் கார் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நீந்தும்போதே அவ்வப்போது அந்தக் காரைப் பற்றிய ஞாபகமூட்டல்கள் தண்ணீரிலிருந்து மேலே வந்தன. சாயங்காலம் காற்றும் அலையும் முற்றி, வெளியே வந்துவிடு என்று படகிலிருந்து குரல் போனது. அவள் தலையைத் தூக்கிக் கேட்டது ஒரே கேள்வி: “எதற்கு?”

பதினான்கரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆண்களின் சாதனை 16 மணி 33 நிமிடம். ஆணைச் சமன் செய்யவில்லை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்திவிட்டாள். இங்கிலாந்தின் கிங்ஸ்டவுன் கரையில் இருட்டில் ஏறியவளை வரவேற்ற அரசாங்கப் பிரதிநிதி ஒரு குடியேற்ற அதிகாரி. மனுஷன் பாஸ்போர்ட் கேட்டார்! அவள் மேல் இருந்தது ஒரு நீச்சலுடை, மெழுகு வைத்து அடைத்த ஒரு கண்ணாடி, மீதியெல்லாம் கொழுப்பு. பூசிக்கொண்ட கொழுப்பைச் சொல்கிறேன். மற்ற கொழுப்பைப் பற்றிய விசாரணை கமிட்டிகளின் அதிகார எல்லைக்குள் வரும். நியூயார்க்கில் காகிதச் சுருள் மழை பொழிய ஊர்வலம் விட்டார்கள். காரும் வந்தது. அந்தப் பத்திரிகை ஆசிரியர் மறுநாள் காபியை எப்படிக் குடித்தார் என்ற விவரம்தான் கிடைக்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு முதலிடம். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாமிடம். ஓடி முடித்தவர்களில் சிலர் மூச்சு வாங்கிப் புல்லில் சாய்ந்தார்கள், ஆண்கள் எந்த ஒலிம்பிக்கிலும் செய்வதுபோல. பத்திரிகைகளோ ஒப்பாரி வைத்தன. ஓடியவர்கள் பதினொரு பரிதாபப் பிறவிகள், ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் என்றுகூட ஒருவர் எழுதினார். ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். இல்லாத இரண்டு பேர் எங்கிருந்து வந்து எங்கே மயங்கி விழுந்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்கள் ஓட முடியாதபடி ஆனது.

அதனால்தான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் ஓடியதெல்லாம் குறுகிய ஓட்டங்கள். நெதர்லாந்துக்காரி, 30 வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வயசாகிவிட்டது என்றார் பிரிட்டிஷ் அணி மேலாளர். பிள்ளைகளை விட்டுவிட்டு அரை டிரவுசரில் ஓட்டமா என்று ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. 100 மீட்டர் தங்கம். 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் மயிரிழைப் போட்டி. முடிவுக்குக் காத்திருக்கும்போது பாண்டு வாத்தியம் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை முழங்க, பிரிட்டிஷ்காரி ஜெயித்துவிட்டாள் என்று ஃபானிக்கு நெஞ்சு விழுந்தது. பார்த்தால், ராஜா வந்து உட்கார்ந்ததற்காக வாசித்திருக்கிறார்கள். அதுவும் தங்கம். பிறகு 200 மீட்டர். கடைசியாகத் தொடர் ஓட்டம்: இறுதிச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது, கடைசியாக ஓட வேண்டிய ஆளைக் காணோம்! அம்மணி மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். லண்டன் மழையில் வேறென்ன செய்வது? கடைசி நேரத்தில் வந்து சேர்ந்து, பின்தங்கியிருந்த அணியை முன்னுக்கு இழுத்து நான்காவது தங்கத்தையும் எடுத்தார். ஆம்ஸ்டர்டாமில் குதிரை வண்டி ஊர்வலம். ஊரில் ஒரு சைக்கிளைப் பரிசாகக் கொடுத்தார்கள், இனிமேல் இவ்வளவு ஓடாமல் இருக்கட்டும் என்று. நான் படித்தவற்றில் சாம்பியன் ஒருவருக்குக் கிடைத்த மிகப் புத்திசாலித்தனமான பரிசு இதுதான்.

நம் ஊர்ப் பக்கம் வராமல் முடிக்க முடியாது. 1954. அலிகாரின் ஹமீதா பானு, குஸ்திக்காரி. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. அன்றாட ஆகாரம் என்று பத்திரிகைகள் போட்ட பட்டியல்: ஐந்தரை லிட்டருக்கு மேல் பால், ஒரு கோழி, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆட்டுக்கறி, அரை கிலோ வெண்ணெய், ஆறு முட்டை, இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி. பட்டியலில் இன்னும் இருக்கிறது. நமக்கு மூச்சு வாங்குகிறது. இந்த அம்மாள் பகிரங்கமாகச் சவால் விட்டார்: குஸ்தியில் என்னைத் தோற்கடிப்பவரை நான் கல்யாணம் செய்துகொள்கிறேன்.

பாட்டியாலாக்காரர் ஒருவர் வந்தார், கல்கத்தாக்காரர் ஒருவர் வந்தார், இருவரும் பிரம்மச்சாரியாகவே திரும்பினார்கள். மே மாதம் பரோடாவில் சோட்டே காமா என்ற பயில்வான் வரவேண்டியது. பெண்ணோடு குஸ்தி போட மாட்டேன் என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். கௌரவத்தின் பெயரால் முதுகெலும்பைக் காப்பாற்றிக்கொள்வது பழைய வித்தை. அவருக்குப் பதிலாகக் கோதாவில் இறங்கினார் பாபா பயில்வான். அல்லி ராணியிடம் நேருக்கு நேர் செல்லாமல் அர்ச்சுனன் பாம்பு வேஷம் போட்டான் என்பார்கள். பாபாவுக்கு அந்த வசதியும் இல்லை. 1 நிமிடம் 34 விநாடியில் ஆள் மண்ணைக் கவ்வினார். இதுவே என் கடைசிக் குஸ்தி என்றும் அறிவித்துவிட்டார். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லும் வாய்ப்பைக்கூட எடுத்துக்கொள்ளாத அந்த நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

மற்றவர்களிடம் அந்த நேர்மை இல்லை. கோலாப்பூரில் ஓர் ஆணைத் தோற்கடித்தபோது கூட்டம் கல்லெறிந்தது. பம்பாய் மாநிலத்தில் அவருடைய குஸ்திக்குத் தடை வந்து அவர் முறையிட்டபோது, பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துகிறவர்கள் டம்மி ஆட்களை நிறுத்துவதாகப் புகார் என்று முதலமைச்சர் மொரார்ஜி தேசாய் பதில் தந்தார். ஜெயிப்பவள் பெண் என்றால் தோற்றவன் டம்மியாகத்தானே இருக்க வேண்டும்! ஐரோப்பா போகப்போகிறேன் என்றவர் போகாமலே மேடையிலிருந்து மறைந்தார். கடைசிக் காலத்தில் பால் விற்றும் பலகாரம் விற்றும் காலம் தள்ளினார்.

பாஸ்டன் மாரத்தானில் 1967-இல் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரைப் பிடித்து இழுத்த அதிகாரியின் புகைப்படம் எல்லாரும் பார்த்ததுதான். பக்கத்தில் ஓடிய காதலர் சம்மட்டி எறியும் வீரர் என்பதை அதிகாரி கவனிக்கத் தவறி, ரோட்டோரத்தில் போய் விழுந்தார். எனக்குப் பிடித்தவர் அதற்கு முந்தைய வருஷத்து பாபி கிப். பெண்ணின் உடம்பால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று கமிட்டியிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. நாலு நாள் பஸ் பயணம் செய்து வந்து, சகோதரனின் டிரவுசரை மாட்டிக்கொண்டு, தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்தார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்குப் பின்னால். மாநில கவர்னர் கைகுலுக்கினார். ஓட்டம் முடிந்ததும் போடுகிற சாப்பாட்டுக்குப் போனால், ஆண்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். 42 கிலோமீட்டர் ஓடிவந்தவளுக்கு ஒரு கரண்டி சூப் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லப் போகிறீர்கள். 1992, பார்சிலோனா. ஸ்கீட் என்று ஒரு துப்பாக்கி சுடும் போட்டி. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டு நொறுக்க வேண்டும். 1968 முதல் ஒலிம்பிக்கில் ஆண், பெண் என்று பிரிக்காமல் நடந்து வந்தது. அதுவரை ஜெயித்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எனவே ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. சீனாவின் ஜாங் ஷான், 24 வயது, இறுதிச் சுற்றுக்கு முன்னால் வந்த 200 தட்டுகளில் 200-ஐயும் நொறுக்கினார். மொத்தம் 223, தங்கம். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த ஆண்கள் மேடையில் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். களத்தில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1996 அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கென்று தனிப் போட்டியும் வைக்கவில்லை. நடப்புச் சாம்பியன் வீட்டில் இருந்தார். 2000 சிட்னியில் பெண்கள் ஸ்கீட் வந்தபோது ஜாங் ஷான் மறுபடி துப்பாக்கியைத் தூக்கி எட்டாவதாக வந்தார். தனிநபர் ஸ்கீட்டில் ஆணையும் பெண்ணையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சுடவைத்த ஒலிம்பிக் அதற்கப்புறம் நடக்கவே இல்லை. அந்தப் போட்டியின் கடைசிச் சாம்பியன் யார் என்று எந்த வினாடி வினாவிலாவது கேட்டால், தயங்காமல் ஜாங் ஷான் என்று சொல்லுங்கள்.